சோறு போடுவதில்லையா என்று கேட்பவர்களுக்கு

மயிலியைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்காமல் விடமாட்டார்: "ஏம்மா, இதுக்குச் சோறு கீறு போடுறதில்லையா?"

மயிலி கன்னி இனத்து நாய். உடம்பு முழுக்கக் கருப்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு, கால் நுனிகளிலும் அதே பழுப்பு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரியும். வயிறு உள்ளே ஏறியிருக்கும். ஓட்டத்துக்கு என்றே வந்த உடம்பு அப்படித்தான் இருக்க வேண்டும். முதுகெலும்பு முள்முள்ளாகத் துருத்திக்கொண்டு, தொடைச் சதையும் வற்றியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதைத் தெருவில் நின்று எத்தனை பேருக்கு விளக்குவது? "சாப்பிடுதுண்ணே, உடம்புல ஒட்டல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள் நான். 2005 ஜனவரியில் எங்கள் துறை இந்திய நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர், முதோல், நாலாவதாக நம்ம ராஜபாளையம். பக்கத்து ஊர் நாய் தபால்தலையில் வந்ததை அப்போது இங்கே பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காற்று மாறியது. நாட்டு மாடு, நாட்டுக் கோழி, கூடவே நாட்டு நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னதும் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் அனுப்ப வந்தவர்கள்கூட, "அக்கா, உங்க வீட்டுல கன்னி இருக்காமே, குட்டி கிடைக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டைச் சுற்றிச் சுவர் இருக்கிறதா, எவ்வளவு உயரம்? பாதிப் பேர் முகம் மாறிவிடும். "நாட்டு நாய்தானக்கா, வாசல்ல கட்டிப் போட்டா கெடக்கும்" என்பார்கள். இந்த நினைப்புதான் எனக்கு ஆகவே ஆகாது. நாட்டு இனம் என்றால் நம் வெயிலைத் தாங்கும், நம் சாப்பாட்டைச் சாப்பிடும், அவ்வளவுதான். பராமரிப்பே வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை.

எங்கள் மாமா, அதாவது வீட்டுக்காரரின் அப்பா, கரிசல்காட்டு ஆள். அவர் சிறுவயதில் ஊரில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பிடிக்க வளர்ந்தவை. இப்போது அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தடைசெய்தது நல்லதுதான். ஆனால் சட்டம் வந்தது நாய்க்குத் தெரியாது. பல தலைமுறையாக, அசைவதைப் பார்த்ததும் பாய்கிற குட்டியைத்தான் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். இந்த வகை நாய்கள் மோப்பத்தைவிடக் கண்ணை நம்புபவை. மனிதருக்குப் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 180 டிகிரி என்றால் இவற்றுக்கு 270 வரை சொல்கிறார்கள். வீட்டில் பெயரைச் சொன்னாலே ஓடிவந்து முழங்காலில் தலையைச் சாய்க்கிற மயிலி, காட்டில் ஒரு அணிலைப் பார்த்துவிட்டால் நான் யாரோ அவள் யாரோ. "அது ஓட ஆரம்பிச்சிட்டா காது அடைச்சுக்கிடும்" என்பார் மாமா. கீழ்ப்படியாமை என்று அதை அடிப்பதில் பயனே இல்லை.

எங்கள் ஊரை ஒட்டி நான்குவழிச் சாலை போகிறது. ஆகவே, சுவர் இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பதே கிடையாது. சாதாரணக் கழுத்துப்பட்டையும் இவற்றுக்கு உதவாது. தலை ஒடுக்கம், கழுத்து தலையைவிடத் தடிமன். பின்னால் ஒரு இழு இழுத்தால் பட்டை கழன்று கையோடு வந்துவிடும். இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகுகிற அகலப் பட்டை ஒன்று இருக்கிறது, மார்ட்டிங்கேல் என்று கேட்டால் கொடுப்பார்கள். விடியற்காலையில், நாலு பக்கமும் வேலி போட்ட பருத்திக்காட்டில், விளைச்சல் எடுத்தபின் விட்டுவிடுவோம். நாலைந்து சுற்று காற்றாகப் பறப்பாள், அப்புறம் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவாள். அதன்பிறகு பகல் முழுக்கத் தூக்கம்தான். வேட்டை நாய் என்றால் நாளெல்லாம் துள்ளும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தினம் ஒரு நல்ல ஓட்டம் கிடைத்தால் இதைவிட அமைதியான நாயைப் பார்க்க முடியாது. கிடைக்காவிட்டால் செருப்பு, பாய், வாழைக்கன்று எதுவும் மிஞ்சாது.

ராஜபாளையத்தின் கதை வேறு. பக்கத்துத் தெரு ரைஸ்மில்லில் ஒன்று இருக்கிறது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, மஞ்சள் கண். முதலாளியைத் தவிர யாரையும் மதிக்காது. மூட்டை ஏற்றுகிறவர்களை மூன்று வருடமாகத் தினமும் பார்த்தும் இன்னும் உறுமிக்கொண்டுதான் நிற்கிறது. வேட்டைக்கும் போகும், ஆனால் காவல் அதன் ரத்தத்தில் இருக்கிறது. குட்டி மூன்று நாலு மாதம் ஆவதற்குள் விதவிதமான ஆட்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் பார்த்துப் பழக வேண்டும். அந்த வயதைக் கொட்டிலிலேயே கழித்த ராஜபாளையம், பெரிதானபின் யாரைக் கண்டாலும் சந்தேகப்படும். தேனிப் பக்கத்துக் கோம்பை இன்னும் முறுக்கானது. செம்பழுப்பு நிறம், கருத்த வாய், பலமான தாடை. முதல்முறையாக நாய் வளர்க்கிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ராஜபாளையம் வாங்கப் போகிறவர்கள் காதைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நிறமி செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அங்கே அவை இருப்பதில்லை, அதனால் பிறவியிலேயே செவிடாகிவிடும். குட்டி தூங்கும்போது, காற்றோ தரையதிர்வோ படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கூடப் படுத்திருக்கிற மற்றக் குட்டிகள் இல்லாமல் தனியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவை எழுந்தால் இதுவும் எழுந்துவிடும், நாம் ஏமாந்துபோவோம். தாயையும் பார்க்கவேண்டும். தாய் எங்கே என்றால் மழுப்புகிறவரிடம் குட்டி வாங்காமல் வருவதே நல்லது.

வெளிநாட்டு இனங்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. மதுரையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் லேப்ரடார் இருக்கிறது, பெயர் ஜாங்கிரி. குழந்தைகள் மேலே ஏறி உட்கார்ந்தாலும் சும்மா கிடக்கும். திருடன் வந்தால் அவனிடமும் பிஸ்கட் கேட்கும். அதன் ஒரே பிரச்சினை வயிறு. 2016ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்குவதைப் பாதிக்கிற ஒரு மரபணுக் குறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் "பாவம், பார்க்குதே" என்று தட்டில் இருப்பதைப் போடுவது பாசமில்லை, மூட்டுவலியை விலைக்கு வாங்கிக் கொடுப்பது. இதை நாத்தனாரிடம் நான் சொல்லி, அவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மயிலிக்குக் காலையில் மாமா கையால் கம்பங்கூழும் மோரும். அந்தக் காலத்தில் நாய்களுக்கு அதுதான் என்பார். ராத்திரி சோற்றோடு வேகவைத்த கோழியும் முட்டையும் நான் போடுவது. வேகவைத்த எலும்பு மட்டும் கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஓடவும் விடுவதில்லை; வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

ரோமம் குறைவு, தோல் மெல்லிசு. சீமைக்கருவேல முள் கீறினால் தாள் மாதிரிக் கிழியும். சிமெண்ட் தரையிலேயே படுத்தால் முழங்கையில் காய்ப்பு காய்த்துப் புண்ணாகும். மயிலிக்கு மடித்த சாக்கின் மேல் பழைய போர்வை. மார்கழியில் அந்தப் போர்வைக்குள்ளேயே புகுந்துகொள்கிறாள், வீரவேட்டைப் பரம்பரை.

உண்ணிதான் எங்கள் பக்கம் பெரிய தொல்லை. தினமும் சாயங்காலம் விரலால் தடவிப் பார்ப்பேன்: காது மடிப்புக்குள், விரல் இடுக்கில், கக்கத்தில், கழுத்துப்பட்டைக்கு அடியில். எள் அளவில் ஒன்று தட்டுப்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். மண்ணெண்ணெய் தடவுவது, நகத்தால் நசுக்குவது இரண்டும் வேண்டாம். போன வருடம் மழைக்குப் பிறகு ஒருநாள் கூழை முகர்ந்துபார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக்காய்ச்சல், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைந்திருந்தன. நான்கு வாரம் மாத்திரை கொடுத்துச் சரியானது. இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கிடையாது, உண்ணி ஏறாமல் பார்ப்பதுதான் வழி. மற்றபடி, பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு வைரஸ்) முதலானவற்றுக்கு ஆறு எட்டு வாரத்தில் தொடங்குகிற ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருடாவருடம். வீட்டை விட்டு வெளியே போகாத நாய்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கருத்தடை செய்யும்போது ஒரு விஷயம். இந்த ஒல்லி நாய்களுக்கு உடம்பில் கொழுப்பே இருக்காது. பழைய மயக்க மருந்துகள் சில இவற்றுக்குச் சீக்கிரம் இறங்காது. கன்னி, சிப்பிப்பாறை என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் டாக்டர் தெரிந்தவர், எடை போட்டுப் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுத்தார். அறுவை முடிந்ததும் உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்தி வைக்கச் சொன்னார். மாமா தன் துண்டையும் எடுத்துப் போர்த்திவிட்டு, கண் திறக்கும்வரை பெஞ்சைவிட்டு எழவில்லை.

ஆகவே, குட்டி கேட்டு எழுதுகிறவர்களே, என்னிடம் குட்டி கிடைக்காது. சுவர் எவ்வளவு உயரம் என்று வேண்டுமானால் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.