சொல்லாமல் விட்ட பாதி

"நாங்களும் இப்படித்தான் செய்வோம்." இந்தப் பாதியை மட்டும்தான் நான் தமிழில் சொன்னேன். மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடமாகிறது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

ஏப்ரல் சீசன். இலங்கை மலைநாட்டு நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரை அப்போது எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். ராமாயணச் சுற்றுலா வந்த ஒரு ராஜஸ்தான் குடும்பத்துக்கு நான்தான் வான் ஓட்டுநர், நான்தான் வழிகாட்டி. கட்டாரில் நாலு வருடம் வடக்கத்திப் பையன்களோடு ஒரே அறையில் கிடந்ததில் வந்த ஹிந்தி, இப்போது அதுதான் சோறு போடுகிறது.

அந்தக் குடும்பத்துத் தாத்தா, இந்திய ஆமியில் 61வது குதிரைப்படையில் டஃபேதாராக, அதாவது சார்ஜென்ட் மாதிரியான பதவியில், இருந்து ஓய்வு பெற்றவர். இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் மற்றவர்கள் எல்லாம் வாந்திக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, அவர் மட்டும் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். இந்தக் காலத்தில் குதிரைப்படையா, கல்யாண ஊர்வலத்துக்கா என்று கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. ஜெய்ப்பூரில் இருக்கிறது, 1953-ல் சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை ஒன்றாகச் சேர்த்து உண்டாக்கியது என்றார். மைசூர்க்காரர்களும் அதில் உண்டு என்றார், நான் தமிழன் என்பதால் எனக்காகவே தெற்கத்திக் கணக்கு ஒன்றைச் சேர்த்த மாதிரி. 1918 செப்டம்பர் 23-ல் ஜோத்பூர், மைசூர் வீரர்கள் ஈட்டியும் வாளுமாக இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே பாய்ந்து, இன்றைய இஸ்ரேலில் இருக்கிற ஹைஃபா நகரத்தைப் பிடித்த கதையும் வந்தது. 2020-ல் டாங்கிப் படையாக மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்ததாம். அதைச் சொன்னபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் குடியரசு தின அணிவகுப்பில் குதிரைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அது வேறு விஷயம்.

போரைப் பற்றி அவர் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். குதிரையின் முதுகைப் பற்றிப் பேசியது நுவரெலியா வந்து சேரும் வரை. சேணத்தை இறக்கியதும் உள்ளங்கையைப் பிடரிக்குக் கீழே வைத்து இடுப்பு வரை மெதுவாகத் தடவ வேண்டும், எங்கேயாவது சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, தொட்டால் தோல் சிலிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் குதிரைக்குத் தண்ணீர், தீனி, அதற்குப் பிறகுதான் தன் சாப்பாடு. இதெல்லாம் சொல்லும்போது ஒரு கை டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

வாவிக்கரையில் பேத்தி குதிரை கேட்டாள். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கூட்டிப்போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்காரர், பக்கத்து லயத்து வரிசை வீடு. பழுப்பு மட்டக்குதிரை, சேணத்துக்குக் கீழே நாலாக மடித்த பழைய கம்பளி. டஃபேதார் பிள்ளையை ஏற்றவில்லை. கம்பளியின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே நான்கு மடிப்பிலும் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டியிருந்தது, தேநீர்க் கோப்பையின் வாயளவு. ஓட்டைக்குள் புண். சேணம் புண்ணில் படாமல் இருக்க அண்ணன் தானாகவே கண்டுபிடித்த வழி அது.

டஃபேதார் சிரித்தார். "நாங்களும் இப்படித்தான் செய்வோம்," என்றார் என்னிடம். "ஆனால் அது முகாமுக்குத் திரும்புகிற வரைக்கும்தான். வந்து சேர்ந்த பிறகு, புண் ஆறித் தோல் மூடுகிற வரை சேணமே கிடையாது. அவரிடம் சொல்."

"என்னவாம் தம்பி?" என்றார் அண்ணன். முகம் இறுகியிருந்தது, திட்டு வரப் போகிறது என்று நினைத்திருப்பார்.

"இந்தியா ஆமியிலயும் இப்படித்தான் செய்வாங்களாம்ணே."

அண்ணனுக்கு வந்த சிரிப்பைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சீசன் என்பது அவருக்கு வருடத்தில் சில வாரம். அந்தச் சில வாரத்தில் குதிரையைக் கட்டிப்போடு என்று, ஊருக்குப் பிளைட் ஏறப் போகிற ஒரு மனிதர் சொன்னதை நான் சொல்லி, "புல்லுக்கு யார் காசு கொடுக்கிறது, நீயா?" என்று அவர் என்னைக் கேட்டால்? வழிகாட்டி வேலையில் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால் தினமும் சண்டைதான். வெள்ளைக்காரர் கடைக்காரரைத் திட்டுவதை நான் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை.

சரி, இதுவும் முழுசு இல்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அண்ணன் எனக்கும் கொஞ்சம் தருவார். அன்றைக்கும் தந்தார். பிள்ளை ஏறாமலேயே டஃபேதார் இரண்டு சுற்றுக்கான காசைக் கொடுத்து, அந்த நேரம் முழுக்கச் சேணத்தை இறக்கச் சொன்னார், குதிரையின் பக்கத்திலேயே நின்றார். அந்தக் காசில்தான் எனக்கும் பங்கு.

சேணத்தை இறக்கச் சொன்னாரே, அதை மட்டும் சரியாகச் சொன்னேன். குதிரை கழுத்தை நீட்டி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. வாவியிலிருந்து வந்த காற்றில் புண்ணைச் சுற்றி மயிர் ஈரமாகப் படுத்திருந்தது. அவர் கையை வைத்தபோது தோல் சிலிர்த்தது, பிறகு அடங்கியது. அண்ணன் சற்றுத் தள்ளி நின்று பீடி குடித்தார், கிழவருக்கு ஏதோ நேர்த்திக்கடன் போல என்று என்னிடம் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வான் வண்டியில் ஏறியதும் டஃபேதார் என்னைப் பார்த்து, "சொன்னாயா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். சொன்னேன் என்றேன். அது பொய்யா என்று கேட்டால், பாதி சொன்னேனே.

எங்கள் பூட்டன் ஒரு துரைக்குக் குதிரைக்காரராக இருந்தவர் என்று அப்பா சொல்வார். துரையின் குதிரை படுத்தால் அவருக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாதாம். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அண்ணன் பக்கம் நான் சாய்ந்ததற்கு ஒரு பெரிய காரணம் தேடுகிறேன் போல.

அந்த மட்டக்குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது, அடுத்த சீசனிலும் வேலை செய்தது. அண்ணனும் அதை அடிக்கிற ஆள் இல்லை, குளிரில் தன் சாக்கை அதன் மேல் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பவர்தான். ஆகவே நான் செய்தது தப்பில்லை என்று ஒரு ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

போன ஏப்ரலில் ஒரு சென்னைக் குடும்பத்தோடு அங்கே போனேன். மொழிபெயர்க்க வேலையே இல்லை. எனக்குத் தெரியாத ஒரு பையன், இருபது வயது இருக்கும், வெள்ளைக் குதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். புதுக் கம்பளி. பழக்கத்தில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வட்டமாக வெட்டியிருந்தது, அண்ணனுடையதைவிட நேர்த்தியாக.

"இதென்ன தம்பி?"

"அது ஒண்ணுமில்லைண்ணே. இந்தியா ஆமியிலயே இப்படித்தானாம். இங்க இப்ப எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க," என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிச் சேணத்தில் வைத்தான்.