இல்லாத கல்யாணப் பத்திரத்தைக் கேட்டார்கள்

ஊர் திரும்பி இரண்டு வாரமாகியும் அந்த அரசு அலுவலக முகப்பை நினைத்தால் மனம் கொதிக்கிறது. மனித உரிமைப் பாடத்துக்காகச் சென்னையிலிருந்து சட்ட மாணவர்கள் ஒன்பது பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் போனோம். விசா தேவைப்படவில்லை, வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியதோடு சரி.

முதல் நாள் வீண். செம்பனைத் தோட்டம் தனியார் நிலம், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எங்கள் கல்லூரிக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்த கிராணி (தோட்டத்து எழுத்தர்), "யாருக்கு எழுதியது என்றே இதில் இல்லையே, அம்மா" என்று திருப்பி அனுப்பினார். போகிறவர்கள் மேலாளர் பெயருக்கே கடிதம் வாங்குங்கள், மலாய்ப் படியும் வைத்திருங்கள்.

மறுநாள் ஒரு பாட்டி, 20 வயதுப் பேத்தியின் குடியுரிமைக்காக அவளோடு அரசு அலுவலகத்துக்குப் போகத் துணைக்கு அழைத்தார். பேத்தியின் தகப்பனாருக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை உண்டு. தாய்க்கு எந்தப் பத்திரமும் இல்லை. கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதியவில்லை. 1982 மார்ச் 1-க்கு முன் நடந்த கோயில் கல்யாணம் என்றால் சட்டமே அதைப் பதிவானதாகக் கொண்டிருக்கும். இது அதற்குப் பிந்தியது. ஆகவே பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான்: அப்பா குடிமகன், மகள் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத நாடற்றவள். நாடற்றோர் என்றாலே எல்லை தாண்டி வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். இவளுடைய தாத்தா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

முகப்பிலிருந்தவர் தலை நிமிரவேயில்லை. பெற்றோரின் திருமணச் சான்றிதழ் இல்லை என்றதும் கோப்பைத் தள்ளிவிட்டார். இப்படித் திரும்புவது மூன்றாவது முறையாம். மூன்று நாள் கூலியும் போயிற்று. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. ஆனால் பெயரும் குடியுரிமையும் பற்றிய 7-ஆம் பிரிவைத் தன் சட்டங்களுக்கு ஒத்துவந்தால் மட்டுமே ஏற்பதாகச் சொல்லிவிட்டது. தேர்வில் இதை ஒரே வரியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று அந்த வரியைப் பாட்டியின் முகத்தில் பார்த்தேன்.

எங்களோடு வந்த உள்ளூர் வழக்கறிஞர் அக்கா விடவில்லை. "விண்ணப்பத்தை வாங்க மறுப்பதாக எழுதிக் கொடுங்கள்" என்று மலாயில் கேட்டார். உடனே மேலதிகாரி வந்தார். அன்றிருந்த விதிப்படி 21 வயதுக்கு உட்பட்டவர்களைக் குடிமக்களாகப் பதிய இடம்தந்த, மலேசிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தலைமையாசிரியர் எழுதித்தந்த சான்றை இணைத்தோம். நகல்களை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அசலைக் கேட்டார்கள், பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

மாலை நான்கு மணிக்கு ரசீது கைக்கு வந்தது. அவளுக்கு 21 வயதாக இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.