ஏர் பிஸ்டல் லோடிங்: அரம் படவேண்டிய இடம், படக்கூடாத இடம்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் மேட்சில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம். தாராளமாகத்தான் தெரியும். ஆனால் தூக்கிய பிஸ்டலை மனசு ஒப்பாமல் இறக்கி வைப்பது, நடுவில் இளைப்பாறுவது எல்லாமே இதற்குள்தான். லோடிங்கில், அதாவது லீவரைத் திறந்து பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டு) வைத்து மூடுவதில், தடவைக்குப் பத்து வினாடி வீணானால் மொத்தத்தில் பத்து நிமிடம் போய்விடும். நேரம் போனால் என்ன ஆகும் என்பதை 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் எல்லோரும் பார்த்தோம். தகுதிச்சுற்றின் நடுவில் நம் வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகி, அதைச் சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் கரைந்தன. 575 எடுத்தும் 12ஆம் இடம்தான், இறுதிச்சுற்று கைநழுவியது.

நேரத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. லீவரைத் திறந்து மூடும்போது வலது உள்ளங்கைக்குள் கிரிப் (மரக் கைப்பிடி) லேசாகத் திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஷாட்டுக்கு மணிக்கட்டு வேறு கோணத்தில் நிற்கும். இலக்கில் பத்துப் புள்ளி வளையம் 11.5 மி.மீ. விட்டம்தான். அந்தச் சின்ன திருப்பம் போதும், ஷாட் எட்டுக்குப் போய்விடும்.

லோடிங் கஷ்டமாக இருக்கிறது என்றதும் பெல்லட் உட்காரும் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்தலாமா என்று கேட்பவர்கள் நம்ம பக்கம் நிறைய. வடசென்னையில் லேத் பட்டறைக்கா பஞ்சம், கொடுத்தால் அரை மணியில் செய்து தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பேரலின் பின்வாயை அடைப்பது ஒரு சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்). அரம் போட்டால் வரும் பிசிறும் இரும்புத்தூளும் அந்த ரப்பரை அறுக்கும். காற்று கசியும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், குண்டு கீழே இறங்கும். பிஸ்டலின் இரும்பில் கை வைக்கவே வேண்டாம். கை வைக்க வேண்டியது கிரிப்பிலும் மேசையிலும்.

முதலில் கிரிப். உள்ளங்கையில் ஸ்டாம்ப் பேட் மையை லேசாகத் தடவி, கிரிப்பின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, சுடும் நிலையில் கையை நீட்டி ஒரு நிமிடம் பிடியுங்கள். டேப்பில் மை ஒட்டாத இடமெல்லாம் கை படாத ஓட்டை. பெரும்பாலும் உள்ளங்கையின் நடுக்குழியிலும் கட்டைவிரல் அடிச்சதைக்குக் கீழேயும்தான் இருக்கும். நடுவிரலுக்கு மேலே மட்டும் மை அழுத்தமாக அப்பியிருந்தால் அங்கே மரத்தை இழைக்க வேண்டும். அரைவட்ட அரம் போதும், ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்த மரம் திரும்பி வராது.

ஓட்டையை நிரப்ப எம்-சீல் (பிசைந்து அப்பினால் இறுகும் பசை) போதும். மரம் போலவே இழைக்க வேண்டுமென்றால் அரால்டைட்டில் சன்னமான மரத்தூளைக் குழைத்துக்கொள்ளலாம், ஆனால் இறுக ஓர் இரவு ஆகும். நிரப்பும் இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான மரத்தில் எம்-சீல் சில வாரத்தில் பெயர்ந்து வந்துவிடும். கிரிப்பைப் பிஸ்டலில் மாட்டிய நிலையில்தான் அச்சு எடுக்க வேண்டும், எடை இல்லாமல் கை சரியாக உட்காராது. அதனால் கிரிப்பும் இரும்பும் சேரும் இடுக்கை, ஸ்க்ரூ தலைகளை, ட்ரிகர் பக்கத்தை எல்லாம் டேப் ஒட்டி மூடுங்கள். எம்-சீல் உள்ளே புகுந்தால் ட்ரிகர் வேலை செய்யாது. கையில் மெல்லிய கையுறை போட்டு அதன்மேல் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். கண்ணை மூடி, கையைத் தூக்கி இலக்கை நோக்கி நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். சைட் (குறிபார்க்கும் பகுதி) இலக்குக்கு நேராக நிற்கும்வரை பிடியை மாற்றி, அந்த நிலையில் அழுத்துங்கள். வெயிலில் வண்டி ஓட்டி வந்த கையோடு இதைச் செய்ய வேண்டாம். உப்பியிருக்கும் கைக்கு எடுத்த அச்சு, ஏசி ரேஞ்சில் தொளதொளக்கும்.

காய்ந்ததும் 120, பிறகு 240 நம்பர் தாள். வார்னிஷ் அடிக்காதீர்கள், நம் ஊர் வியர்வைக்கு வழுக்கும்.

போட்டி விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைத் தாங்கி (கிரிப்பின் கீழே கை ஊன்றும் பகுதி) கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையக்கூடாது, ஆசாரி வைத்திருக்கும் மூலைமட்டத்தை வைத்தாலே தெரிந்துவிடும். கிரிப் மணிக்கட்டைச் சுற்றி வளையக்கூடாது, கட்டைவிரல் தடையில்லாமல் மேலே தூக்க வர வேண்டும். முழு பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். பலர் மாட்டுவது அந்த 50இல்தான். இரண்டு பக்கமும் எம்-சீல் ஏற்றினால் அகலம் சத்தமில்லாமல் தாண்டிவிடும். மேட்ச் அன்று சோதனை மேசையில் அரத்தைத் தேடுவதைவிட, உள்ளளவு சரியாக ஒரு பிளைவுட் பெட்டி அடித்து வீட்டில் வைத்துக்கொள்வது மேல்.

அடுத்தது மேசை. பிஸ்டலை வைக்கும் ஸ்டாண்டு மேசையோடு சேர்த்து 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மேசை 70 முதல் 80 செ.மீ. இருக்கும் என்பதால் 20 செ.மீ. ஸ்டாண்டு எங்கேயும் செல்லும். 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து, மேலே வி வடிவத்தில் வெட்டி ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். காற்று அடைத்த சிலிண்டர் மேல் பாரம் விழாமல், ட்ரிகர் கார்டுக்கு முன்னால் உள்ள இரும்புப் பகுதி அதில் உட்கார வேண்டும். இப்போது லீவரைத் திறக்கும் விசையை ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளும். வலது கைக்குத் தாங்கும் வேலை இல்லை, பிடியும் நகராது.

பெல்லட்டை டப்பாவிலிருந்து துழாவி எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். ஒன்றோடொன்று உரசி ஈயத்தின் பின்பாவாடை (பின்பக்கத்து மெல்லிய விளிம்பு) நசுங்கும், நசுங்கியது நேராகப் போகாது. 3 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட் (மெத்தென்ற நுரைத் தகடு) ஒன்றில், பெரியமேட்டில் தோல் வேலைக்கு விற்கும் பஞ்ச்சை வைத்து 6 மி.மீ. ஓட்டைகள் போடுங்கள், வரிசைக்கு 10, ஆறு வரிசை. அதைப் பிளைவுட் துண்டில் ஒட்டி, ஸ்டாண்டின் இடப்பக்கம் பொருத்துங்கள். பெல்லட் தலை மேலே தெரிய நிற்கும், இரண்டு விரலால் தலையைப் பிடித்து எடுக்கலாம். சைட்டிங் ஷாட்டுக்கு (கணக்கில் சேராத சரிபார்ப்பு ஷாட்) தனிக் கிண்ணம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. "போட்டேனா இல்லையா" என்ற சந்தேகம் வரும்போது தட்டைப் பார்த்தாலே தெரியும். அப்படியும் இரண்டு பெல்லட் உள்ளே போனது தெரிந்தால் சுடாதீர்கள். கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லுங்கள், அதற்குத் தண்டனை கிடையாது.

லீவரை மூடும் முன் பெல்லட் பள்ளத்தில் நேராகப் படுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. குறுக்கே கிடந்து மூடினால் பாவாடை வெட்டுப்படும். லீவர் வழக்கத்தைவிட இறுக்கமாக மூடினால் அதுதான் காரணம், பலம் கொடுக்காமல் திறந்து எடுத்துவிடுங்கள். ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீக்கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் பிஸ்டல் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் வால்நட் கிரிப் உப்பும், எம்-சீல் உப்பாது, இடையில் விரிசல் விடும். துருவுக்குப் பயந்து எண்ணெய் போடுவதானால் வெளியே மட்டும். சிலிண்டர் இணைப்பில் 200 பார் அழுத்தம் இருக்கிறது, அங்கே சாதாரண எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ்தான்.