கணையக் கல்லுக்கு ஆபரேஷன்: என் அனுபவம்

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" நான் தொட்டதே இல்லை என்றாலும் நம்ப மாட்டார்கள். குடிக்காத இளவயதினருக்கும் கணையத்தில் கல் சேர்ந்து நாள்பட்ட அழற்சி வருவதுண்டு, தென்னிந்தியாவில், அதிலும் கேரளத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு குடல் மருத்துவர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சே வந்தது.

வலி மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுக்க முடியாது. மடியில் தலையணை வைத்துக் குனிந்து உட்கார்ந்தே ராத்திரி விடியும். எண்டோஸ்கோப்பி வழியாகக் கணையக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தார்கள்; கொஞ்ச காலம் நிம்மதி, அது அடைத்ததும் பழைய கதைதான். டிராமடால் என்ற வீரியமான வலி மாத்திரை இல்லாமல் தூக்கமில்லை என்றானபோது ஆபரேஷன் பேச்சு வந்தது.

சர்ஜன் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து கல்லை எடுப்பார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் இறுகிப்போன சதையைக் குடைந்தெடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அந்தத் திறப்போடு தைப்பார்கள். கணைய நீர் நேராகக் குடலுக்குள் வடிந்துவிடும். அமெரிக்க சர்ஜன் சார்லஸ் ஃப்ரே 1987-ல் எழுதிய முறை. "வலி குறைய நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா சுகர் வராதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அந்தப் பேச்சுதான் எனக்குத் தைரியம் தந்தது.

நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. எண்டோஸ்கோப்பியில் தொடங்கியவர்களைவிட, சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவாக இருந்ததாம். கணையக் குழாய் வீங்கி, வலிக்கு வீரியமான மாத்திரை தேவைப்படுகிறவர்கள் ஒரு சர்ஜனையும் அப்போதே பார்த்துப் பேசிவிடுங்கள். ஆபரேஷனைக் கடைசி வழி என்று தள்ளிக்கொண்டே போக வேண்டாம்.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், வயிற்றின் பக்கவாட்டில் வடிகுழாய். எடுத்த கற்களைச் சின்ன டப்பாவில் காட்டினார்கள். உடைந்த பவளத்துண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தன. தையல் வலி கடுமைதான், ஆனால் முதுகைத் துளைக்கும் அந்தப் பழைய வலி இல்லை. அப்புறம் தண்ணீர், கஞ்சி, குழைந்த சாதம்.

செரிமானத்துக்குக் கொடுக்கும் என்சைம் கேப்சூலைப் பற்றி வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சரியாகச் சொல்லவில்லை. சாப்பிட ஆரம்பிக்கும்போதே போட வேண்டும், சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலை செய்யும். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தால் அளவு போதவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பாலும் வடையும் சாப்பிட்டால்கூட எனக்கு ஒன்று தேவைப்படுகிறது. சுகர் இன்னும் வரவில்லை. தவறாமல் டெஸ்ட் எடுக்கிறேன்.