தளத்தில் தண்ணீர்

இன்று காலை பக்கத்துத் தெரு அக்கா, தன் வீட்டின் புதுக் கூரைத் தளம் இறுக, அதில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தார்.

இருபது வருஷமாக மழை வந்தால் கூரை ஒழுகும் இடமெல்லாம் குண்டான் வைத்தவர். இன்று அதே தண்ணீரைத் தலைக்கு மேலே தேக்கிவைக்கிறார்.

‘ஒரு சொட்டு இறங்கலை தம்பி’ என்று கீழே கூட்டிப்போய்க் காட்டினார்.

கலைஞர் கனவு இல்லம்: குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டத் தமிழக அரசு பணம் தரும் திட்டம். 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். வேலை நகர நகரத்தான் தவணை வரும். அஸ்திவாரத்துக்கு அக்காவின் கம்மல் அடகுக்குப் போனது. முதல் தவணையை முன்கூட்டியே கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம், எதிர்க் குடிசை. அவர்களுக்குப் பட்டா இல்லை, அதனால் வீடும் இல்லை. முதலில் அந்தப் பட்டாவைக் கொடுங்கள்.

அந்த வீட்டு அம்மாவும் வாசலில் நின்று தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.