காந்தல் குருசடியில் எங்கள் ஆண்டகைக்கு ஒரு பூசை

அம்மாவைப் பெற்ற அம்மாயி கண்ணை மூடுவதற்கு முன்பு கேட்டது இதை மட்டும்தான். "என்னால பதுளைக்குப் போக முடியல. குருசடியிலயாவது ஆண்டகை பேருக்கு ஒரு பூசை வச்சிடுங்க." ஆண்டகை என்றால் ஆயர், பிஷப். பதுளை, இலங்கையில் அவர் ஆயராக இருந்த ஊர். குருசடி, ஊட்டி காந்தலில் திருச்சிலுவையின் துண்டு இருக்கிற கோயில். இரண்டு வருடமாக ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. இந்த மே மாதத் திருவிழாவுக்குத்தான் திருச்சிலுவை எங்களை அழைத்தது.

பந்தலூரிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறினோம். நடுவட்டம் வரைக்கும் ஒரு சிரமமும் இல்லை. பைக்காராவில் நின்ற பஸ் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. சீசன். நீலகிரிக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் மே மாதம் மே மாதமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பிங்கர்போஸ்ட்டில் இறங்கினால், எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிற காந்தலுக்கு ஆட்டோவில் 300 ரூபாய் கேட்கிறார்கள். கும்பிட வருகிற சனங்களிடம் இப்படிக் கேட்க எப்படித்தான் மனசு வருகிறதோ! போதாததற்கு, ரூம் வேணுமா என்று ஒருவர் கூடவே நடந்து வருகிறார். மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு ஒரு அம்மா காசு கேட்கிறார். "விடு, நடக்கலாம்" என்றார் அம்மா. அந்தக் காலோடு நடந்தார்.

வழியில் ஜெபமாலை முடிந்ததும் அம்மாயி கதைதான்.

இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பன்னிரண்டு வயதில் அம்மாயிக்கு உறுதிபூசுதல் என்கிற திருவருட்சாதனம். கொடுத்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959இல் கண்டி ஆயரானவர். அந்தக் காலத்து முறைப்படி நெற்றியில் எண்ணெய் பூசியதும் ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டுவார். தோட்டத்துத் துரை வந்தால், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர் பிள்ளைகள் ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் அது. அப்போது ஒரு சிங்கள ஆண்டகை, கொழுந்து பறிக்கிறவர் மகளின் கன்னத்தைத் தொட்டிருக்கிறார். எழுபது வயதிலும் அம்மாயி அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டேதான் இதைச் சொல்வார். "நாணயக்காரர்" என்பார். மரியாதைக்காக அவராகவே சேர்த்துக்கொண்ட 'ர்' அது.

ஆண்டகை ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவி. 1845இல் இத்தாலியிலிருந்து இலங்கைக்கு வந்த சில்வெஸ்திரி கிளையைச் சேர்ந்தவர். அந்தச் சபையில் நிலைத்திருப்பதும் ஒரு வார்த்தைப்பாடு, கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. சேர்ந்த மடத்திலேயே ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். அப்படி வார்த்தைப்பாடு கொடுத்தவர் மடத்தைவிட்டு வந்து ஆயராக இருந்தார். 1972இல் பதுளையைத் தனி மறைமாவட்டமாகப் பிரித்தபோது, வசதியான கண்டியை விட்டுவிட்டு, தானே விரும்பி அங்கே முதல் ஆயராகப் போனார். எல்லாம் தோட்டமும் ஏழைக் கிராமமும். பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற குருமடத்தைத் தொடங்கி, குருமாணவர்களைச் சனங்களோடு வாழவிட்டே பயிற்சி கொடுத்தார். 1982இல் இறந்துபோனார். மறுவருடம் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை அவர் பார்க்காமல் போனது ஆண்டவர் செய்த புண்ணியம் என்பார் அம்மாயி.

நிலைத்திருக்கிற கொடுப்பினை எங்கள் சனங்களுக்குக் கிடைக்கவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, தோட்டத்துத் தமிழர்களில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்கில் அம்மாயியும் ஒரு ஆள். 1976இல் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் பந்தலூர் வந்தார். இங்கேயும் நாங்கள் பல பேருக்கு இன்னும் சிலோன்காரர்கள்தான். அந்தப் பேர் விழும்போதெல்லாம் அம்மாயி ஆண்டகையைத்தான் நினைத்துக்கொள்வார். நம்மைத் தேடி வந்தவர் ஒருத்தர் இருந்தார் என்று.

சரி, குருசடிக்கு வருகிறேன். பூசைக்கருத்து எழுதுகிற இடத்தில் ஒரு சிஸ்டர் பேர் கேட்டார். சொன்னோம்.

"எந்த ஊர் ஆண்டகைங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை. "எங்க ஆண்டகை சிஸ்டர்."

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் சீட்டை என்னிடம் நீட்டினார். நான் 'நாணயக்காரர்' என்றே எழுதினேன்.

சிலுவையை முத்தி செய்கிற, முத்தமிடுகிற வரிசையில் நெரிசல். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், குழந்தைகள் அழுகின்றன, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அருளிக்கத்துக்கு, அந்தப் புனிதத் துண்டுக்கு முன்னால் நிற்கும்போதுகூட அதை இறக்கக் கூடாதா? எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. அம்மா முறை வந்தது. கண்ணாடிக்குள் அந்தச் சின்னத் துண்டு, ஆண்டவர் தொங்கின மரம். அம்மா குனிந்தார். முத்தி செய்யவில்லை. கன்னத்தை வைத்தார். அம்மாயி தடவிக்கொண்டே இருந்த அதே பக்கத்துக் கன்னம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சுதான் இருக்கும். யாரும் நகரச் சொல்லவில்லை. பின்னால் தள்ளினவர்களும் நின்றுவிட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்து நான் குனிந்தபோது கண்ணாடி ஈரமாக இருந்தது. சாமியார் துணியால் துடைக்க வந்தார், துடைக்காமல் எனக்குக் காட்டினார். வேண்டிக்கொள்ள ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே என்று அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

பூசையில் கருத்துகளை வாசித்தார்கள். பிள்ளை வரம், வீட்டுக் கடன், பரீட்சை, இறந்தவர்கள். நடுவில், "லியோ நாணயக்காரர் ஆண்டகையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று காதில் விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூசை முடிகிற வரைக்கும் விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. கூடலூர் இறக்கத்தில் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன காகிதம் வேணும்?"