மொமொஸ்தெனாங்கோவில் 260 முறை எண்ணினோம்

இரண்டு முறை தலைக்குக் குளித்துவிட்டேன். கொபால் புகையின் வாசம் இன்னும் முடியை விட்டுப் போகவில்லை. நம் ஊர்க் கோபால் இல்லை, மரப்பிசின்; இங்குள்ள மாயர்களின் கிச்சே மொழியில் போம் என்கிறார்கள். கிட்டத்தட்ட சாம்பிராணி.

குவாத்தமாலாவின் ஷேலா நகரில் தன்னார்வலராகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மாயர்களின் 260 நாள் நாட்காட்டியில் மிகப் பெரிய நாளான எட்டு பாட்ஸ் வந்தது. அன்றுதான் புதிய ஆஹ்கிஹ்கள், அதாவது நாள் கணிக்கும் பூசாரிகள், பொறுப்பேற்கிறார்கள். இந்தச் சடங்கைக் காட்ட, சுற்றுலா அழைத்துப் போகும் ஒருவர் 350 கெட்சால் (இந்த ஊர்ப் பணம்) கேட்டார். என் பத்து நாள் சாப்பாட்டுச் செலவு அது! நல்லவேளை, நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவின் தம்பிக்கே அன்று மொமொஸ்தெனாங்கோ என்ற ஊரில் பொறுப்பேற்பு. "மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வா, மகளே, போதும்" என்றார் அம்மா.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த வண்டி. குழந்தைகள் இருவருக்கான இருக்கையில் பெரியவர்கள் மூவர். எனக்குக் கிடைத்தது ஒரு தொடைக்கு இடம். நடத்துநர் என்னிடம் மட்டும் இரட்டைக் கட்டணம் வாங்கினார். அம்மா கிச்சேயில் ஏதோ நான்கு வார்த்தை சொன்னார். மீதிச் சில்லறை உடனே வந்தது. அந்த நான்கு வார்த்தைகளைக் கற்காமல் ஊர் திரும்பப் போவதில்லை.

மலையில் தரையில் சர்க்கரையால் வட்டம் வரைந்து, அதன் மேல் போம், சாக்லேட், சுருட்டு, ரோஸ்மேரி என்று அடுக்கினார்கள். கிழக்கே சிவப்பு மெழுகுவத்தி, மேற்கே கறுப்பு, வடக்கே வெள்ளை, தெற்கே மஞ்சள், நடுவே நீலமும் பச்சையும். தீ வைத்ததும் எண்ணத் தொடங்கினார்கள். இருபது நாட்களின் பெயர்களையும், ஒவ்வொன்றையும் ஒன்று முதல் பதின்மூன்று வரை. ஆக 260. கணக்கு வாத்தியாரான எனக்கே நடுவில் தப்பியது. முட்டி வேறு கெஞ்சியது. ஒவ்வொரு பெயருக்கும் கைப்பிடி எள் தீயில் விழும், சாராயம் ஊற்றினால் சுடர் ஆளுயரத்துக்கு எழும். வேண்டுதலில் முன்னோர்களும் கத்தோலிக்கப் புனிதர்களும் ஒரே மூச்சில் வருகிறார்கள்.

என் பிறந்த தேதியைக் கேட்டுக் கணித்தவர், "உன் நாள் ட்ஸீ, நாய்" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்து, "நீதியின் நாள் அது" என்றார். அந்தப் பெயர் வந்தபோது என்னையே மெழுகுவத்தி இடச் சொன்னார்கள். கை நடுங்கியது, புகையால் மட்டுமல்ல. பக்கத்தில் நின்ற முதியவர், 1996இல் முடிந்த உள்நாட்டுப் போரின்போது இதையெல்லாம் இரவில் ஒளிந்து செய்ததாகச் சொன்னார். அதே நேரத்தில் 350 கெட்சால் கும்பல் ஒன்று வந்து தீக்கு மேலேயே கேமராவை நீட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிறகு சுச்சித்தோ: மக்காச்சோள மாவுக்குள் கோழியும் தக்காளிக் குழம்பும் வைத்து, சோளத் தோகையில் கட்டி வேகவைத்தது. ஐந்து சாப்பிட்டேன். ஆறாவதை அம்மா பையில் போட்டார்.

போக விரும்புவோருக்குக் குறிப்புகள் எழுதுவதாக இருந்தேன். இரண்டுதான் தேறுகின்றன: 260 நாளுக்கு ஒருமுறை வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும், சீக்கிரம் கிளம்புங்கள், மாலையில் பஸ் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. பிக்கப் வண்டிக்காரர் 150 கேட்டார், 60க்கு இறங்கினார். பாதி வழியில் மூக்கைச் சுளித்துக்கொண்டு கண்ணாடிகளை இறக்கிவிட்டார். அந்தக் குளிரில்!